துள்ளும், இழுபடும், வழியும்... பொம்மை புட்டிக்குள் ஒளிந்திருக்கும் ஏற்காட்டுப் பாறை!

உருட்டித் தரையில் அடித்தால் ரப்பர் பந்துபோலத் துள்ளும். இரண்டு கைகளாலும் மெதுவாக இழுத்தால் ஜவ்வு மிட்டாய்போல நீண்டுகொண்டே போகும். வெடுக்கென்று இழுத்தால் இரண்டு துண்டாக உடையும். மேஜைமேல் உருண்டையாக வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தால், ஊற்றிய தோசைமாவுபோலப் பரந்து கிடக்கும்.

குழந்தைகளிடம் கேட்டால் 'பவுன்சிங் புட்டி' என்பார்கள். உலகம் முழுக்க அதன் பழைய பெயர் 'சில்லி புட்டி'. பெயின்டர்கள் சுவரில் வைக்கும் 'பட்டி'யும் இந்தப் பெயரும் ஒரே சொல்லில் இருந்து வந்தவைதான். ஆனால், சுவரில் வைத்த பட்டி காய்ந்து கெட்டியாகி நின்றுவிடும். இது கடைசிவரை கெட்டியாவதும் இல்லை, தண்ணீராவதும் இல்லை.

அப்படியானால் இது திடப்பொருளா, திரவமா? வீட்டில் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்டு நீங்கள் விழித்திருந்தால், கவலை வேண்டாம். விடை சேலத்துக்கு மேலே, சேர்வராயன் மலையில் இருக்கிறது. புட்டியின் முதுகெலும்பாக இருக்கும் அணுக்கள்தான் ஏற்காட்டுப் பாறையிலும் முதுகெலும்பு. மலையடிவாரத்தில் விளையும் கிழங்கின் மாவு, புட்டியைப் போலவே இன்னொரு வேடிக்கையைக் காட்டும். மலைக்கு ஏறும் சாலையின் தாரும்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பால்மரக் காடு பறிபோனது, புட்டி பிறந்தது

புட்டி பிறந்த கதையில் தமிழர்களின் வியர்வையும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இருந்தெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் கங்காணிகளின் பின்னால் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனார்கள். அங்கே ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் சீவினார்கள். உலகத்தின் கார்களும் விமானங்களும் அந்தப் பாலில்தான் ஓடின.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு அது பெரும் துயரத்தின் தொடக்கம். பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அமெரிக்காவுக்கோ, ரப்பர் வரும் வழி அடைபட்டது. போருக்கு டயர் வேண்டும், பூட்ஸ் வேண்டும், வாயு முகமூடி வேண்டும். எல்லாவற்றுக்கும் ரப்பர் வேண்டும்.

ரப்பருக்கு மாற்று தேடி அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் இரவு பகலாக வேலை செய்தன. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் ரைட் என்ற பொறியாளர், 1943-ல் சிலிகான் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்து பார்த்தார். கிடைத்தது ஒரு பிசுபிசுப்பான உருண்டை. கீழே போட்டால் துள்ளியது. டவ் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஏர்ல் வாரிக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் தானும் இதைக் கண்டுபிடித்ததாகக் கூறினார்.

துள்ளினாலும் டயருக்கு அது ஆகவில்லை. வைத்த இடத்தில் வழிந்துவிடும் பொருளில் எப்படி டயர் செய்வது? சில ஆண்டுகள் அது பயனில்லாத விந்தையாகவே கைமாறிக்கொண்டிருந்தது. கடைசியில் நியூ ஹேவனில் பொம்மைக் கடை வைத்திருந்த ரூத் ஃபால்கேட்டர் அதை விற்றுப் பார்த்தார். அவருக்கு விளம்பரம் எழுதிக்கொடுத்த பீட்டர் ஹாட்ஜ்சன், 147 டாலர் கடன் வாங்கி, புட்டியைச் சிறு துண்டுகளாக்கி பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்தார். ஒரு முட்டை ஒரு டாலர். 1950-ல் ஒரு பத்திரிகைக் குறிப்பு வந்த பிறகு ஆர்டர்கள் குவிந்தன. 1968 டிசம்பரில் நிலவைச் சுற்றிவந்த அப்போலோ 8 விண்கலத்திலும் புட்டி போனது. எடையற்ற நிலையில் மிதக்கும் கருவிகளை ஒட்டிவைக்க அது கைகொடுத்தது.

கல்லுக்கும் புட்டிக்கும் ஒரே முதுகெலும்பு

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். சேலம் அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, சாலையோரம் வெட்டிய இடங்களில் கருத்த, எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்புள்ள பாறையைப் பார்க்கலாம். அதன் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்திய கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல், சென்னைப் பக்கத்துப் பாறை. அதை வைத்துத்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் இந்தப் பாறை வகைக்கு 'சார்னோகைட்' என்று பெயர் சூட்டினார். பல்லாவரம், பரங்கிமலையில் இருப்பதும் சேர்வராயன் மலையில் இருப்பதும் ஒரே வகைப் பாறைதான்.

இந்தப் பாறையில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் இருக்கின்றன. அவை எல்லாவற்றிலும் அடிப்படை, சிலிக்கானும் ஆக்சிஜனும் பிடித்திருக்கும் பிணைப்பு. பூமியின் மேலோட்டின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த இரண்டு தனிமங்கள்தான்.

சிலிக்கானை நான்கு கைகள் உள்ள ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனுக்கு இரண்டு கைகள். குவார்ட்ஸில் சிலிக்கானின் நான்கு கைகளும் நான்கு ஆக்சிஜன்களைப் பிடித்திருக்கும். ஒவ்வோர் ஆக்சிஜனும் மறு கையால் அடுத்த சிலிக்கானைப் பிடித்திருக்கும். மேலே, கீழே, பக்கவாட்டில் என எல்லாத் திசையிலும் கை கோத்த வலை அது. அதனால்தான் கல் கல்லாக இருக்கிறது.

இதே சிலிக்கானின் இரண்டு கைகளில் மட்டும் ஆக்சிஜனுக்குப் பதிலாக மெத்தில் என்ற சின்ன கார்பன் குழுவைத் திணித்துவிட்டால்? மெத்திலுக்கு அடுத்தவரைப் பிடிக்க வேறு கை கிடையாது. சிலிக்கானுக்கு மீதி இரண்டு கைகள்தான். ஒன்றில் முன்னால் இருக்கும் ஆக்சிஜன், இன்னொன்றில் பின்னால் இருக்கும் ஆக்சிஜன். வலை போய், சங்கிலி வந்துவிடும். சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான், ஆக்சிஜன் என்று ஆயிரக்கணக்கில் நீளும் அந்தச் சங்கிலிக்குப் பெயர்தான் 'சிலிகான்'. தனிமத்தின் பெயர் சிலிக்கான், அதில் செய்த எண்ணெய், ரப்பர் வகையின் பெயர் சிலிகான். கேட்க ஒன்றுபோல இருந்தாலும் பொருள் வேறு.

குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து மின் உலையில் உருக்கினால் சிலிக்கான் கிடைக்கும். அதன்மேல், செம்பை வினையூக்கியாக வைத்து, மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, வந்ததைத் தண்ணீரோடு வினைபுரியச் செய்தால் சிலிகான் சங்கிலி உருவாகும். இந்த வழியை 1940-ல் கண்டவர், அதே ஜெனரல் எலெக்ட்ரிக்கின் யூஜீன் ரோகோ. மூன்றே ஆண்டுகளில் அதில் இருந்து புட்டி பிறந்தது.

சங்கிலிகள் தனித்தனியாக வழுக்கிக்கொண்டு போவதால் சிலிகான் வெறும் எண்ணெய்தான். கொட்டினால் ஓடும். துள்ளாது. அதைத் துள்ள வைப்பது போரிக் அமிலம்.

கேரம் போர்டில் தூவும் அதே பவுடர்

போரிக் அமிலம் நமக்குப் புதிதல்ல. கேரம் போர்டில் காய்கள் வழுக்க வேண்டும் என்று தூவும் வெள்ளைப் பவுடர் பெரும்பாலும் அதுதான். அதன் உறவுக்காரர் வெங்காரம், அதாவது போராக்ஸ். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் வெங்காரத்தை அறியாத வெள்ளிப் பட்டறை இருக்காது. பொடிவைத்துப் பற்றவைக்கும்போது இணைப்பில் துரு படியாமல் காப்பது வெங்காரம்.

இரண்டிலும் இருக்கும் தனிமம் போரான். அதற்கு எப்போதும் எலெக்ட்ரான் பற்றாக்குறை. சிலிகான் சங்கிலியின் முனையில் போரான் ஒட்டிக்கொண்டதும், பக்கத்துச் சங்கிலியில் இருக்கும் ஆக்சிஜனிடம் எலெக்ட்ரானைக் கடன் கேட்டு ஒட்டும். இப்படி ஒரு சங்கிலிக்கும் இன்னொன்றுக்கும் இடையே முடிச்சு விழுகிறது. ஆனால், இது நிரந்தர முடிச்சு அல்ல. சற்று நேரத்தில் அவிழ்ந்து, வேறு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். டயர் ரப்பரில் கந்தகம் போடும் முடிச்சுகள் ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். அதனால் டயர் வழிவதில்லை. புட்டியின் முடிச்சுகள் விழுந்தும் அவிழ்ந்தும் கொண்டே இருக்கின்றன.

திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிப்பதும், விடுவதும், வேறொருவர் கையைப் பிடிப்பதுமாக இருக்கிறார்கள். நீங்கள் மெதுவாக நடந்தால், கை விடுபடும் நேரம் பார்த்து நுழைந்து போய்விடலாம். ஓடிவந்து மோதினால், யாருக்கும் கையை விட நேரம் இருக்காது. கூட்டம் சுவராக நின்று உங்களைப் பின்னால் தள்ளும். இன்னும் வேகமாக மோதினால் கோத்த கைகள் அறுந்து கூட்டமே பிளக்கும்.

புட்டியிலும் இதுதான் நடக்கிறது. தரையில் மோதும் கணம் மிகக் குறுகியது. முடிச்சுகள் அவிழ நேரமில்லை. எனவே புட்டி ரப்பராக நடந்துகொண்டு துள்ளுகிறது. மெதுவாக இழுக்கும்போது முடிச்சுகள் அவிழ்ந்து அவிழ்ந்து வழிவிடுகின்றன. அதனால் நீள்கிறது. சும்மா வைத்தால் அதன் சொந்த எடையே இழுத்துப் பரப்பிவிடுகிறது. வெடுக்கென்று இழுத்தால் உடைகிறது.

கடையில் விற்கும் புட்டியில் இந்தச் சிலிகானோடு நுண்ணிய குவார்ட்ஸ் தூளும் சேர்ப்பதுண்டு. ஆக, மலைப் பாறையில் இருக்கும் அதே கனிமம், தூளாகவும் புட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சேலத்து வெயிலும் ஏற்காட்டுக் குளிரும்

வெப்பம் கூடக் கூட, முடிச்சுகள் அவிழும் வேகமும் கூடும். கோடையில் சேலம் 38, 39 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்போது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு 30 டிகிரியைத் தாண்டத் தயங்கும். ஒரே டப்பா புட்டியில் பாதியைச் சேலத்து வீட்டிலும் பாதியை ஏற்காட்டு விடுதி அறையிலும் உருட்டி வைத்தால், சேலத்து உருண்டை முதலில் தட்டையாகும். மலைக்குச் சுற்றுலா போகும் குடும்பம், உருண்டை தட்டையாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று போனில் நேரம் பார்த்துக் குறித்தால், பிள்ளைகளுக்கு அதுவே ஓர் அறிவியல் பாடம்.

மலை ஏற முடியாதவர்கள் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். குளிர்ந்த புட்டி அதிக நேரம் உருண்டையாக நிற்கும். இழுத்தால் சீக்கிரம் உடையும்.

தெபோராளின் பெயரில் ஓர் எண்

'திடமா, திரவமா?' என்ற கேள்வி தவறாகக் கேட்கப்படுகிறது என்று சொன்னவர் இஸ்ரேலைச் சேர்ந்த அறிவியலாளர் மார்க்கஸ் ரெய்னர். பொருள்கள் எப்படி வழிகின்றன என்பதை ஆராயும் துறையை உருவாக்கியவர்களில் ஒருவர். 1964-ல் அவர் ஓர் எண்ணை முன்வைத்தார். ஒரு பொருளின் உள்பிணைப்புகள் இளகி இடம்மாறுவதற்கு ஆகும் நேரத்தை, நாம் அதைக் கவனிக்கும் நேரத்தால் வகுக்க வேண்டும். விடை ஒன்றைவிட மிகக் குறைவாக இருந்தால் அது நமக்குத் திரவம். மிக அதிகமாக இருந்தால் திடம். பைபிளில் தெபோராள் என்ற பெண் தீர்க்கதரிசி பாடும் பாட்டில், இறைவன் முன்னால் மலைகள் ஓடியதாக வருகிறது. அவர் நினைவாக அந்த எண்ணுக்குத் 'தெபோராள் எண்' என்று பெயர் வைத்தார் ரெய்னர். மனிதரின் சிறிய ஆயுளுக்குள் மலை ஓடுவது தெரியாது, இறைவனின் காலக் கணக்கில் மலையும் ஓடும் என்பது அவர் கண்ட பொருள்.

இது வெறும் கவிதை இல்லை. சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அந்தச் சூட்டில், உருகிப் போகாமலே, பாறை மிக மெதுவாக வழிந்தது, வளைந்தது. இத்தகைய பாறைகளில் வெளிர் நிறமும் கருநிறமும் மாறி மாறி வரும் பட்டைகள், பிசைந்து மடித்த புட்டிபோல வளைந்து மடிந்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கல்லை யாரும் வளைக்கவில்லை. காலம் வளைத்தது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது தார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் ஒரு கண்ணாடிப் புனலில் கெட்டித் தாரை ஊற்றி வைத்தார் தாமஸ் பார்னெல். சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும் அந்தத் தார், புனல் வழியே சொட்டுகிறது. 2014 வரை விழுந்தவை ஒன்பது சொட்டுகள்தான். ஏற்காட்டுச் சாலைத் தாரும் இதே குணமுடையதுதான். வேகமாக ஓடிவிடும் வண்டி அதை அவ்வளவாக அழுத்துவதில்லை. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் லாரியும், வெயிலில் ஒரே இடத்தில் நிற்கும் பஸ்ஸும்தான் தாரைப் பள்ளமாக்குகின்றன. தார் அசையப் போதுமான நேரத்தை அவைதான் கொடுக்கின்றன.

குச்சிக்கிழங்கு மாவில் ஒரு விளையாட்டு

புட்டி வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை, அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் சேலத்திலேயே இருக்கிறது. சேர்வராயன் மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் குச்சிக்கிழங்கு என்றால்தான் மரவள்ளி. அதை அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் படியவைத்து எடுப்பதுதான் ஸ்டார்ச். அதில் இருந்து ஜவ்வரிசி. சேலத்து ஆலைகளுக்காக 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் 1981-ல் தொடங்கியது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிழங்கு ஸ்டார்ச் மாவு கிடைத்தால் அது, இல்லையென்றால் மளிகைக் கடையில் கிடைக்கும் கார்ன்ஃப்ளவர். இரண்டு கப் மாவில் ஒரு கப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்தால் கஞ்சியாகிவிடும். பதம் சரியாக வந்தால், விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். குத்தினால் விரல் நின்றுவிடும். கையில் எடுத்து வேகமாக உருட்டினால் உருண்டையாகும். உருட்டுவதை நிறுத்தினால் விரலிடுக்கில் ஒழுகும். தண்ணீர் கூடிவிட்டால் இந்த வித்தை நடக்காது. ஒரு கரண்டி மாவு சேர்த்தால் திரும்பும்.

புட்டிக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. இங்கே முடிச்சுகள் கிடையாது. மாவு மணிகள் தண்ணீரில் நெருக்கமாக மிதக்கின்றன. மெதுவாகத் தள்ளினால் மணிகளுக்கு இடையே தண்ணீர் வழுக்கலாக நின்று வழிவிடும். திடீரென்று தள்ளினால் தண்ணீர் விலகி, மணிகள் ஒன்றோடு ஒன்று உரசி இறுகிவிடும். காரணம் வேறு, ஆனால் விதி ஒன்றே. வேகம்தான் முடிவு செய்கிறது.

விளையாடி முடித்ததும் மாவை சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள். குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். காயவிட்டுக் குப்பையில் போடலாம்.

பெற்றோர் கவனிக்க

இந்த வேதியியலில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. புட்டிக்குச் சகோதரம் ஸ்லைம். பசையில் இருக்கும் பாலிவினைல் ஆல்கஹால் சங்கிலிகளை வெங்காரம் முடிச்சுப் போடுவதால் வருவது அது. செல்போன் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே வெங்காரம், போரிக் அமிலம் கலந்து ஸ்லைம் செய்யும் பிள்ளைகள் அதிகம்.

போரிக் அமிலம் அளவு மீறி உடலுக்குள் போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். கரப்பான் பூச்சிக்கு வைக்கும் மருந்திலும் அது உண்டு. புண்ணான தோல் வழியாகவும் உடலில் சேரும். கையில் வெட்டுக்காயம், சொறி உள்ள குழந்தைகள் வெறும் கையால் அதைப் பிசையக் கூடாது. ஐரோப்பாவில் ஸ்லைம் போன்ற ஒட்டும் பொம்மைகளில் இருந்து வெளியேறும் போரான் கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பே உண்டு. பிரிட்டனின் 'விச்?' நுகர்வோர் அமைப்பு 2018-ல் 11 ஸ்லைம்களைச் சோதித்தபோது, 8 அந்த வரம்பைத் தாண்டியிருந்தன.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதனால் மூன்றே விஷயங்களை நினைவில் வைத்தால் போதும்.

புட்டியோ ஸ்லைமோ வாங்கும்போது டப்பாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் வயது வரம்பையும் பாருங்கள். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். விளையாடிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். வீட்டில் செய்ய ஆசைப்பட்டால் வெங்காரத்தையும் கேரம் பவுடரையும் தொடாமல், மேலே சொன்ன மாவு விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறி விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவது நல்லது.

ஆபத்தில்லாத ஒரு தொல்லையும் உண்டு. துணியிலும் சோபாவிலும் ஒட்டிக்கொள்வது. அதற்கும் வேதியியலே வழி சொல்கிறது. ஸ்லைம் ஒட்டினால் வினிகர் தடவுங்கள். அமிலம் பட்டதும் வெங்கார முடிச்சுகள் அவிழ்ந்து, ஸ்லைம் நீராக இளகும். சிலிகான் புட்டிக்கு வினிகர் பயன்படாது. ஐஸ்கட்டி வைத்து இறுகவிட்டு, மொட்டைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டி, மிச்சத்தை ஆல்கஹால் கலந்த சானிடைசர் தொட்ட துணியால் துடைக்கலாம். சாயம் போகிறதா என்று துணியின் மூலையில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பொம்மையில் இருந்து மருத்துவமனைக்கு

டயருக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பொருளுக்கு இப்போது வேலை நிறைய. பக்கவாதத்துக்குப் பிறகோ, கை எலும்பு முறிவுக்குப் பிறகோ விரல்களுக்குப் பலம் கொடுக்க, பிசியோதெரபி மையங்களில் பிசையக் கொடுப்பது இதே வகைப் புட்டிதான். மெதுவாக அழுத்தினால் இளகும், வேகமாக அழுத்தினால் எதிர்க்கும் என்பதால், நோயாளியின் முயற்சிக்கு ஏற்ப அது தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறது. பைக் ஓட்டுபவர்களின் ஜாக்கெட்டில் முழங்கை, தோள் இடங்களில் வைக்கும் சில பாதுகாப்புப் பட்டைகளும் இந்தக் கொள்கையில் வேலை செய்கின்றன. சாதாரணமாக வளைந்து கொடுக்கும் பட்டை, விழுந்து மோதும் கணத்தில் இறுகும்.

2016-ல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனாதன் கோல்மன் குழுவினர் புட்டியில் கிராஃபீன் என்ற கார்பன் தகட்டுத் துகள்களைக் கலந்தார்கள். லேசாக அழுங்கினாலும் அதன் மின்தடை மாறியது. கழுத்தில் வைத்தால் நாடித்துடிப்பைக் காட்டியது. ஒரு சின்னச் சிலந்தி அதன்மேல் நடந்தபோது, அதன் காலடியைக்கூட உணர்ந்தது.

மெதுவாக நகரும் மலைச்சரிவு

புட்டி கற்றுத்தரும் பாடம் மலைவாசிகளுக்கு உயிர் காக்கும் பாடமும்கூட. ஏற்காட்டின் பாறை இன்று குளிர்ந்து கெட்டியாக நிற்கிறது. ஆனால், பாறைமேல் போர்த்தியிருக்கும் மண் அப்படி இல்லை. சரிவில் இருக்கும் மண், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கீழே ஊர்ந்துகொண்டே இருக்கிறது. பெருமழையில் மண்மணிகளுக்கு இடையே தண்ணீர் நிறைந்தால், அது மணிகளை விலக்கி, அவை ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்தும். மாவு விளையாட்டில் தண்ணீர் கூடியதும் உருண்டை ஒழுகிவிடுகிறதே, கிட்டத்தட்ட அதுபோல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

வேகமாகச் சரிவதற்கு முன், பெரும்பாலும் சரிவு மெதுவாக நகர்ந்து காட்டும். அடித்தண்டு மட்டும் வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும் மரங்கள், ஒரே பக்கம் சாய்ந்த மின்கம்பங்கள், தடுப்புச் சுவரிலும் சாலையோரத்திலும் புதிதாக விழுந்த விரிசல், இத்தனை நாள் சரியாக மூடிய கதவு திடீரென்று இறுக்குவது, தெளிவாக வந்த ஊற்றுநீர் கலங்கி வருவது... இவை எல்லாமே, மண் வழியத் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம்.

மழைக்காலத்தில் எஸ்டேட் வீட்டிலோ மலைச்சாலையோரத்திலோ இவற்றைக் கண்டால், சரிவின் கீழே நிற்காமல் விலகிவிட்டு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை ஏற்காடு போகும்போது பஸ் ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுக்கலாம். அடிவாரத்தில் இருந்து இருபதாவது வளைவுவரை, அடித்தண்டு வளைந்த மரங்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்லட்டும்.